குளிமுறித் தரை

உளியின் மண்டையில் சுத்தியல் விழுந்தது. டைல்ஸ் பெயரவில்லை, ஓரத்தில் ஒரு சில்லு தெறித்து, கதவருகே நின்ற வேலுத்தாயின் சேலைக்கரையில் பட்டு விழுந்தது. சுடலைமணி இன்னொரு அடி வைத்தான். அதற்கும் அப்படித்தான். காலையில் வந்ததிலிருந்து அவன் அடித்த அடிக்கு எஸ்டேட் லயத்துச் சுவர் ஒன்றையே பெயர்த்துப் போட்டிருக்கலாம். இந்தக் குளிமுறியில் மூன்று டைல்ஸ்தான் வந்திருந்தது, அதுவும் துண்டு துண்டாக.

“ஏக்கா, இந்தத் தரையவா சரியில்ல சரியில்லன்னு ரெண்டு வருசமா சொன்னீக?” என்றான், நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டு. வெளியே மூணாறுப் பக்கத்துப் பள்ளிவாசல் மலை முழுக்க மழையும் மஞ்சுமூட்டமும். உள்ளே அவனுக்கு மட்டும் வியர்த்தது.

“சரியில்லாமத்தான எம் புள்ள விழுந்தா.”

“வழுக்கி விழுந்திருக்கும். அது வேற. ஆனா ஊரு பூரா என்ன பேச்சு? சுடலமணி ஒட்டுன டைல்ஸு ஆடிருச்சு, அதுல கால வச்சுத்தான் சித்ரா விழுந்துச்சுன்னு பேச்சு. நீங்களே தட்டிப் பாருங்க. எங்கிட்டாச்சும் உள்ள காலியான பொள்ளச் சத்தம் கேக்குதா?”

வேலுத்தாய் தட்டவில்லை. தட்டிப் பார்த்து நியாயம் பேசும் நிலையிலா அவள் இருந்தாள்? “நீ மொதல்ல பேத்து எடு தம்பி. ஞாயித்துக்கெழம தவறுனா ஆடி பொறந்துரும்,” என்றாள்.

அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். மகள் சித்ரா உடும்பஞ்சோலையில் புருசன் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்து, ஊர்ச்சனம் வந்து, ஐந்து வகைச் சோறும் தின்றுவிட்டுப் போயாயிற்று. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதுதான் எல்லோருக்கும் உள்ள வழக்கம். வேலுத்தாயும் ஜீப் பேசி, போர்வை தலையணை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தாள். கிளம்புகிற நேரத்தில் சம்பந்தி சரஸ்வதியம்மாள் வாசலில் வந்து நின்றுகொண்டாள். “மதினி, குத்தமா நெனைக்காதீக. போன தடவ ஒங்க ஊட்டுக் குளிமுறில விழுந்துதான் எம் பேரன் போனான். அந்தத் தரைய மாத்துங்க. எம் மகன் பாண்டீஸ்வரன் வந்து பாப்பான். அவன் சரின்னு சொன்னா அனுப்புறேன். ஆடி பொறந்துட்டா எங்க ஊட்டுல புள்ளத்தாச்சிய இடம் மாத்த மாட்டோம், அதையும் சொல்லிட்டேன்,” என்றாள். சபையில் அத்தனை பேர் முன்னால் வேலுத்தாய் தலைகுனிந்து நின்றாள். கொண்டுபோன போர்வையோடும் தலையணையோடும் அவளும் புருசன் வீரபாண்டியும் திரும்பி வந்தார்கள்.

சம்பந்தி சொன்னதில் பொய்யில்லை, அதுதான் வேலுத்தாயை அரித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைப்பிரசவத்துக்கு வந்த சித்ரா, வந்த பத்துப் பதினைந்து நாளில், ஒரு காலையில் இந்த ஷவரின் கீழே விழுந்து கிடந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரில்லாமல்தான் வெளியே வந்தது. ஆண்பிள்ளை. தலை நிறைய முடி. அன்றிலிருந்து வீரபாண்டி அந்தக் குளிமுறிக்குள் குளிப்பதில்லை. வெளியே கல்லில் நின்று, மழையோ பனியோ, வாளியில் மோந்து ஊற்றிக்கொள்வான். ஆனால் ஞாயிறு தவறாமல் பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நார் பிரஷுமாக உள்ளே போய்த் தரையைத் தேய்ப்பான். யார் குளிக்கப் போகிறார்கள் என்று கேட்டால் இன்னும் அழுத்தித் தேய்ப்பான்.

இத்தனைக்கும் அந்தக் குளிமுறி அவன் ஆசைப்பட்டுக் கட்டியது. முப்பது வருடம் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தைக் காயவைக்கிற ட்ரையர் பக்கம் வெந்தவன். அவர்கள் இருந்த எஸ்டேட் லயத்தில் வரிசையாக எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். ரிட்டையர் ஆகி ரோட்டுக்குக் கீழே மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டியபோது, சமையலறைக்கு ஜன்னல்கூட வைக்காமல், குளிமுறிக்கு மட்டும் அடிமாலிக்குப் போய் டைல்ஸ் எடுத்து வந்தான். பளபளவென்று வெள்ளைத் தரை. சுவரில் இரண்டு மீன் துள்ளுகிற படம். மலைக்கு வந்த டூரிஸ்டுக்காரன் வீடு மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்தப் பளபளப்புதான் வினையாகப் போயிற்று என்று பிறகு அவர்களே சொன்னார்கள்.

மத்தியானம் வரை அடித்துச் சுடலைமணி பாதித் தரையைப் பெயர்த்துவிட்டான். அதன்பிறகுதான் சண்டை வந்தது. ஷவரிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அவன் பெயர்த்த பள்ளமெல்லாம் தண்ணீர்.

“இத மொதல்ல அடைங்க,” என்றான் சுடலைமணி.

“அடைக்க முடியாது,” என்றான் வீரபாண்டி.

இது இந்த மலையில் வீடு கட்டியவர்களின் சங்கடம். தண்ணீர் மேலே ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் வழியாகத் தானாக இறங்கி வருகிறது. அதற்கு மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆனால் கீழே குழாயை முழுக்க அடைத்தால் அழுத்தம் தாங்காமல் மேலே எங்கேயாவது ரப்பர் சுற்றிய ஒட்டு பிடுங்கிக்கொள்ளும். அப்புறம் அட்டை கடிக்கக் கடிக்கக் காட்டுக்குள் ஏறி எந்த ஒட்டு என்று தேட வேண்டும். அதனால் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு குழாயை லேசாகத் திறந்தே வைத்திருப்பார்கள். வீரபாண்டி ஷவரைத் திறந்து வைத்தான். இரவும் பகலும் அது ஒழுகியது, தரை காயவே இல்லை, இடுக்கெல்லாம் பாசி பிடித்தது.

“அண்ணே, ஈரத்துல பசை பிடிக்காது. இந்தத் தரைக்கு ஒரு வியாதின்னா இந்த ஒழுக்குதான். அன்னைக்கே சொன்னேன், வெளிய ஒரு குழாய வச்சு அத ஒழுக விடுங்கன்னு.”

“சொன்ன, சொன்ன.”

“சொல்லியும் நீங்க கேக்கல. கடைசில பேரு கெட்டது எனக்கு.”

வீரபாண்டி அவனை ஒரு பார்வை பார்த்தான். வேலுத்தாய் இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். கொத்தனார் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் இந்த மழையில் வேறு ஆள் எங்கே கிடைப்பான்? ஆனால் வீரபாண்டி அதற்குமேல் சண்டையை வளர்க்கவில்லை. மழைக்கோட்டை மாட்டினான், உப்பும் புகையிலைத் தூளும் சேர்த்துக் காலில் தேய்த்துக்கொண்டான், வெட்டுக்கத்தியை எடுத்தான்.

“எங்க போறீக?”

“மேல போயி ஓஸையே ஓடையில இருந்து எடுத்து வெளிய போட்டுட்டு வாறேன். வேல முடியிற வரைக்கும் ஊட்டுக்குத் தண்ணியே வேணாம்.”

“இந்த மழையிலயா? நேத்துதான் ஆனக்கூட்டம் எறங்கி நிக்கிதுன்னு பக்கத்து ஊட்டு ஜோபி சொன்னான்.”

“ஆன எங்கிட்ட என்னத்தக் கேக்கப்போவுது,” என்று சொல்லிவிட்டு ஏறிப்போனான். அவனுக்கு அறுபத்திரண்டு வயது, இடது முட்டி வளையாது. மஞ்சு அவனை நாலடியிலேயே விழுங்கிவிட்டது.

அவன் திரும்பி வருகிற வரைக்கும் வேலுத்தாய் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். சுடலைமணிக்குக் கஞ்சி ஊற்றி, சுட்ட கருவாடும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வைத்தாள். அவன் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசினான்.

“அக்கா, ஒண்ணு கேக்கவா. நான் ஏன் இந்த வேலைக்கு ஒத்துக்கிட்டேன் தெரியுமா?”

“நான் வந்து கெஞ்சுனேன்ல.”

“அதுக்கில்ல. இங்கன ரெண்டு வருசமா எவனும் என்னயத் தர போடக் கூப்புடல. சுவரு பூசக் கூப்புடுவான், வெள்ளையடிக்கக் கூப்புடுவான். டைல்ஸுன்னா மட்டும் மூணாத்துல இருந்து ஆளக் கொண்டாருவான். எம் பொண்டாட்டியே ஒருநா கேட்டா, நெசமாவே பசைய மிச்சம் புடிச்சுட்டியான்னு. அதான், நானே பேத்துப் பாக்கணும்னு வந்தேன். பாத்துட்டேன். கல்லு மாதிரி இருக்கு.”

“ஆமாப்பா,” என்றாள் வேலுத்தாய், வாசலைப் பார்த்தபடி.

“மாப்ள வந்தா நீங்க ஒரு வார்த்த சொல்லணும். நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னா எடுபடும்.”

“சொல்றேன்.”

அவள் மனம் மலைமேல் இருந்தது. பாதி காதில் வாங்கித்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

குழாயில் ஒழுக்கு நின்ற பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் வீரபாண்டி வந்தான், முழங்கால்வரை ரத்தமும் சேறுமாக. அட்டைகளைப் பிடுங்கி அடுப்புச் சாம்பலில் போட்டபடியே, “நின்னுச்சா?” என்றுதான் முதலில் கேட்டான். நின்றுவிட்டது என்று தெரிந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வேலுத்தாய்க்கு அவன்மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்து வந்தது. திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்துக் காலைக் கழுவிவிட்டாள்.

வீட்டில் தண்ணீர் இல்லாமல் போனதால் அவள் பழையபடி குடத்தைத் தூக்கினாள். பக்கத்து வீட்டு ஜோபி ஜீப் ஓட்டுகிறவன். “சேச்சி, எந்தினா சுமக்குன்னது, எதுக்கு இந்தப் பாடு, நான் ஓஸ் இழுத்துத் தராம்,” என்றான். ஓஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒரு சொட்டு ஈரம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை புதுத்தரை வந்தது. சாம்பல் நிறம், கையால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. சுடலைமணி ஒவ்வொன்றாகப் பசை தடவி வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, மட்டம் வைத்துப் பார்த்து, திரும்ப எடுத்து, திரும்ப வைத்தான். தண்ணீர் ஓடத் தரையின் வாட்டம் மூலைப் பக்கமாகச் சரிய வேண்டும். வாட்டம் கூடினால் நிற்கிறவளுக்குக் கால் சறுக்கும், குறைந்தால் தண்ணீர் தேங்கும். வேலுத்தாய் கதவருகேயே உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் கல்லு ஒசந்திருக்கா?”

“இல்லக்கா.”

“நடந்தா இடறாதுல்ல?”

“இடறாதுக்கா.”

“வயிறு பெருசா இருந்தா கீழ பாக்க முடியாதுப்பா. கால வச்சுத்தான் அவ தடவிப் பாப்பா.”

சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலை அந்த விளிம்பில் இழுத்துப் பார்த்தான். பிறகு அந்தக் கல்லை எடுத்துப் பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தான்.

சுவரிலும் மீன் படத்துக்குக் கீழே இரண்டு டைல்ஸ் தட்டினால் பொள்ளலாகக் கேட்டது. ஒழுக்குத் தண்ணீர் பின்னால் இறங்கியிருக்கிறது என்று சொல்லி அதையும் மாற்றினான். பிடித்துக்கொள்ள இரண்டு இடத்தில் ஸ்டீல் கம்பி வைத்தான். ஒன்று நிற்க, ஒன்று உட்கார்ந்து எழ. வீரபாண்டி வந்து அந்தக் கம்பியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். “அண்ணே, இன்னும் காயல, பேத்துறாதீக,” என்று சுடலைமணி பதறினான்.

மலையில் ஆனி மாதத்தில் எது காயும்? துணி காயாது, விறகு காயாது, தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். வீரபாண்டிக்கு ஃபாக்டரி ஞாபகம் வந்துவிட்டது. கரி அடுப்பை மூட்டிக் குளிமுறிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் சுடலைமணி ஓடிவந்து அடுப்பை வெளியே இழுத்துப் போட்டான்.

“இது என்ன கொழுந்தா, வாட்டி எடுக்க? ஒரேயடியாக் காஞ்சா வெடிச்சுப் போகும். கரிப்பொகையில ஆளும் போயிருவீக.”

“முப்பது வருசம் காய வச்சவன்டா நான்.”

“தேயிலைய.”

வேலுத்தாய் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. சரஸ்வதியம்மாள்.

“வேல எம்புட்டுல இருக்கு மதினி?”

“தர ஒட்டியாச்சு மதினி. சொரசொரப்பு டைல்ஸு. கம்பியும் வச்சாச்சு.”

“அதே கொத்தனாரா?”

“பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டோம் மதினி,” என்றாள்.

“அதே ஆளுதானான்னு கேட்டேன்.”

“ஆமா மதினி.”

“சரி, ஞாயித்துக்கெழம பாண்டீஸ்வரன் வருவான். தண்ணி ஊத்தி, நடந்து பாத்துட்டுத்தான் சொல்லுவான்,” என்று வைத்துவிட்டாள். சித்ராவிடம் போனைக் கொடுக்கவில்லை. வளைகாப்பிலிருந்தே மகள் சரியாகப் பேசுவதில்லை என்பதும் வேலுத்தாய்க்கு ஒரு உறுத்தல். எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்ற ஒரே பதில். குரலில் நல்லா இருக்கிற மாதிரி தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் இடுக்குகளில் ஜாயின்ட் பவுடர் குழைத்து நிரப்பினான் சுடலைமணி. இனி ஒரு நாள் முழுக்க யாரும் கால் வைக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது என்று சொல்லி, வாசலுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டான். வேலுத்தாய் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் மின்விசிறியை வைத்து ஓடவிட்டாள். பிறகு சாமிபடத்துக்கு முன்னால் நின்று, இந்த ஒரு நாள் மழை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

மழை விட்டுக் கொடுக்கவில்லை. மத்தியானம் ஜோபி வந்து, ஜில்லா முழுக்க மழைக்கு ரெட் அலெர்ட், உடும்பஞ்சோலைப் பக்கமிருந்து வருகிற கேப் ரோட்டில் பாறை இறங்கிவிட்டது என்றான். அவன் சொல்லி முடிக்கவும் பாண்டீஸ்வரன் போன் செய்யவும் சரியாக இருந்தது.

“அத்த, கெளம்பிட்டோம். சித்ராவும் வாறா. நாளைக்கு எல்லா ரோட்டையும் அடைச்சிருவாக போல. குஞ்சித்தண்ணி வழியா வந்துட்டிருக்கோம், ஆனச்சால் தாண்டியாச்சு.”

“அம்மா சம்மதிச்சாகளா மாப்ள?”

“இவதான் பிடிவாதமா நிக்கிறா. தரையப் பாப்போம். சரியில்லன்னா இப்பவே திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

இந்த மழையில், இந்த வளைவில், வயிற்றுப் பிள்ளையோடு திரும்பவும் மலை இறங்குவதா? வேலுத்தாய் போனை வைத்துவிட்டுக் குளிமுறிக்குப் போய் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஈரமா குளிரா என்று தெரியவில்லை. சுடலைமணிக்கு ஆள் அனுப்பினாள். அவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, தொட்டுப் பார்த்து, “கால வைக்கலாம், தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது. அத நான் மாப்ளைக்கிட்டச் சொல்லிக்கிறேன்,” என்றான்.

ஜீப் வந்து நின்றது. வீரபாண்டி குடையோடு ஓடினான். சித்ரா இறங்கியதைப் பார்த்ததும் வேலுத்தாய்க்கு மனசு சுருக்கென்றது. வயிறு நன்றாக இறங்கியிருந்தது. முகம் மட்டும் வற்றியிருந்தது. ஒரு கை வயிற்றின் பக்கவாட்டில் அழுந்தியபடியே இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கும்போதும் வீட்டுக்குப் படி இறங்கும்போதும் அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை.

பாண்டீஸ்வரன் நல்ல பையன்தான். ஏலக்காய் ஸ்டோரில் வேலை, குடி கிடையாது. ஆனால் செத்த பிள்ளையை அவன்தான் கையில் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்தான். அதற்குப் பிறகு மாமனார் வீட்டில் அவன் சிரித்ததில்லை. காபியைக்கூட வாங்காமல் நேரே குளிமுறி வாசலுக்குப் போனான்.

“தண்ணி ஊத்திப் பாக்கணும்.”

“நாளைக்கு வரைக்கும் ஊத்தக்கூடாது மாப்ள,” என்றான் சுடலைமணி.

“ஊத்தாம எப்பிடித் தெரியும்? போன தடவையும் நல்ல தரன்னுதான சொன்னீக.”

“போன தடவையும் நல்ல தரதான். நானே பேத்தேன். ஒரு நாள் பூரா அடிச்சுத்தான் வந்துச்சு.”

“அப்ப எப்பிடிண்ணே அவ விழுந்தா?”

வீரபாண்டி குனிந்த தலையோடு, “அது எந் தப்பு மாப்ள. ஒழுக்க அடைக்காம விட்டேன். பாசி புடிச்சுச்சு. இப்ப ஓஸையே எடுத்துட்டேன்,” என்றான்.

“அப்பா இந்த மழையில மேல ஏறுனாரா?” என்று சித்ரா கேட்டாள். அவள் தகப்பனின் காலில் அட்டை கடித்த தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பெஞ்சை ஒரு கையால் தள்ளினாள். “நான்தான குளிக்கப் போறேன். நானே பாத்துக்கிறேன். நீ வாம்மா.” வேலுத்தாயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

வேலுத்தாய் பதறிப்போய் மகளின் இடுப்பைப் பிடித்தாள். “மெல்ல, மெல்ல. கம்பியப் புடி. சொரசொரப்பா இருக்கா? கால் சறுக்குதா?”

“அம்மா, மெதுவாப் பேசு.”

“என்னடி?”

சித்ரா கம்பியைப் பிடிக்கவில்லை. புதுத்தரையின் நடுவில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “நான் வழுக்கி விழலம்மா.”

வெளியே மழைச் சத்தத்தில் ஆண்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“தலையச் சுத்துச்சு. விழுந்துட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே புள்ளைக்கு அசைவில்லம்மா. முந்தின நாளுல இருந்தே இல்ல. தூங்குது தூங்குதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒங்கிட்டச் சொன்னா பயந்துருவ, அத்தைக்குத் தெரிஞ்சா என்னயத் திட்டுவாகன்னு சொல்லல. குளிச்சா முழிச்சுக்கிரும்னு நெனச்சுத்தான் அன்னைக்கு உள்ள வந்தேன்.”

வேலுத்தாய் மகளின் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

“கண்ணு முழிச்சப்ப எல்லாரும் தர தரன்னு பேசிட்டிருந்தீங்க. டாக்டர் விழுந்தியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பொய்யில்லையே. அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். தரன்னு சொன்னா யாரும் என்னய ஏன் சொல்லலன்னு கேக்க மாட்டாங்கள்ல.”

மகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க வேலுத்தாய்க்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. இரண்டு வருடம். சபையில் தலைகுனிந்து நின்றது, வீரபாண்டி கல்லில் நின்று குளித்தது, எல்லாம் ஒன்றாகப் பொங்கியது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைப்பதற்கு முன்னால் சித்ரா அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் பக்கவாட்டில், அதுவரை தன் கை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

“இந்தத் தடவ நான் தூங்குறதே இல்லம்மா. கைய எடுத்தா நின்னுருமோன்னு இருக்கு. அங்க யாருகிட்டயும் சொல்ல முடியல. நீயும் கூடப் பாரும்மா. என்னால தனியாப் பாத்துக்கிட்டிருக்க முடியல.”

உள்ளங்கைக்கடியில் மெல்ல ஒரு புரளல் வந்து போனது. வேலுத்தாய் கையை எடுக்கவில்லை. இன்னொன்று வரட்டும் என்று நின்றாள். வந்தது. அவளுக்குக் கண்ணீர் முட்டியது. “கழுத, எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி,” என்று மட்டும் சொன்னாள்.

“அத்த,” என்று பாண்டீஸ்வரன் கதவைத் தட்டினான். “என்ன சத்தத்தையே காணோம்? தர எப்பிடி இருக்காம்?”

சித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். வேலுத்தாய் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, கொக்கியை எடுத்தாள்.

வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். “நல்லா நடந்து பாத்தா மாப்ள. காலு கெட்டியாப் புடிக்கிது. இங்கயே இருக்கட்டும்,” என்றாள்.

பாண்டீஸ்வரன் உள்ளே எட்டிப் பார்த்தான். வெறுங்காலைத் தரையில் வைத்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். முகம் கொஞ்சம் இளகியது. “சரி, இருக்கட்டும்,” என்றான்.

அப்போது சுடலைமணி ஒரு எட்டு முன்னால் வந்தான்.

“மாப்ள, ஒரு நிமிசம். அந்தப் பழைய தர பத்தி நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீக. அக்கா கூடவே நின்னு பாத்தாக. அக்கா, நீங்க சொல்லுங்க. டைல்ஸு ஆடுச்சா, கல்லு மாதிரி இருந்துச்சா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் சித்ரா மூச்சுவிடுவது கேட்டது. தரையில் குற்றமில்லை என்று சொன்னால் பாசியோடு பேச்சு நிற்காது, அடுத்த கேள்வி சித்ராவிடம் போகும் என்று வேலுத்தாய்க்குத் தெரியும். அது இன்றைக்கே உடும்பஞ்சோலைக்குப் போய்ச் சேரும்.

“கல்லு மாதிரில்லாம் இல்ல மாப்ள,” என்றாள். “மூலையில ரெண்டு மூணு பொள்ளலாத்தான் கெடந்துச்சு. ஆடத்தான் செஞ்சுச்சு.”

“ஏக்கா,” என்றான் சுடலைமணி. பாண்டீஸ்வரன் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். வீரபாண்டி மனைவியையும் கொத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தான். ஞாயிறு தவறாமல் அந்தத் தரையைத் தேய்த்தவன் அவன், ஒரு டைல்ஸும் ஆடியதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சுடலைமணி கரண்டி, மட்டம், ரப்பர் சுத்தி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக் கட்டினான். “சோறு ஆக்கியிருக்கேன் தம்பி, இருந்து சாப்ட்டுப் போ,” என்றாள் வேலுத்தாய். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி, ரோட்டுக்கு ஏறுகிற படியில் நடந்தான். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் ஒருவேளை நின்றிருப்பான். வேலுத்தாய் கூப்பிடவில்லை. அவன் திரும்பி முகத்தைப் பார்த்தால் உண்மை வாய்க்கு வந்துவிடும் என்று பயந்தாள்.